ஒரு கொசுவும் ஒரு கிரேனும்: இகோர் சிகோர்ஸ்கி



சந்திப்பு மலருக்கு என் சர்வீஸ் அனுபவத்தை எழுதித் தரும்படி மலர்க் குழுவினர் கேட்டார்கள். என் சர்வீஸில் முக்கால்வாசி பாரம் தூக்கும் பெரிய ராணுவ ஹெலிகாப்டர்களின் பராமரிப்புப் பட்டறையிலும் அதன் ஸ்டோர்ஸிலும் கழிந்தது. பெட்டி எண்ணியதையும் ரசீது போட்டதையும் யார் படிக்கப் போகிறார்கள் என்று முதலில் தட்டிக் கழித்தேன். அப்புறம் ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது.

1982-ல் வெளியே வந்த மெக்கானிக்கல் செட் நான். மூன்றாம் வருஷம் செமினாருக்கு நான் எடுத்துக்கொண்ட தலைப்பு ஹெலிகாப்டர். நம் நூலகத்துப் பழைய பத்திரிகை ஒன்றில் ஒரு படம் பார்த்திருந்தேன். கோட்டும் தொப்பியும் அணிந்த ஒருவர், ஆபீசுக்குப் போகிறவர் மாதிரி, குழாய்களால் கட்டிய ஒரு கூட்டுக்குள் உட்கார்ந்து தரைக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறார். அவர்தான் இகோர் சிகோர்ஸ்கி. அவரைப் பற்றி இருபது நிமிஷம் பேசினேன். காற்றழுத்தம், பிளேடின் கோணம், சமன்பாடுகள் என்று கரும்பலகையை நிறைத்துவிட்டேன். எல்லாரும் கை தட்டினார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மெஷின் டிசைன் சார் மட்டும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். இந்த இயந்திரத்தின் கியர்பாக்ஸில் ஒரு பேரிங் தேய்ந்து போனால், இன்னொன்று எங்கிருந்து வரும்? எனக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பே சிரித்தது. அந்தக் கேள்வியை நான் அன்றைக்குக் கிண்டல் என்றுதான் எடுத்துக்கொண்டேன்.

சிகோர்ஸ்கியின் வாழ்க்கையை அதற்கப்புறம் பல தடவை படித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சாரின் கேள்வி அதில் ஏதாவது ஒரு பக்கத்தில் வந்து நிற்கிறது. அந்தக் கண்ணோடுதான் இப்போது சொல்லப் போகிறேன்.

1889 மே 25 அன்று கீவ் நகரத்தில் பிறந்தவர். அன்றைக்கு அது ரஷ்யப் பேரரசில் இருந்தது. ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டி. அப்பா மனநல மருத்துவப் பேராசிரியர். அம்மா வீட்டிலேயே பிள்ளைக்குப் பாடம் சொன்னவர்; லியோனார்டோ டா வின்சி வரைந்து வைத்த பறக்கும் இயந்திரங்களைப் பற்றி அவர்தான் மகனுக்குக் கதையாகச் சொன்னார். பன்னிரண்டு வயதுவாக்கில் பையன் ரப்பர் பேண்டை முறுக்கி மேலே எழும்பும் ஒரு பொம்மை ஹெலிகாப்டரைச் செய்துவிட்டான். 1903-ல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் கடற்படைப் பள்ளி, 1906-ல் அதை விட்டுவிட்டுப் பாரிஸ், 1907-ல் கீவ் பாலிடெக்னிக். படிப்பில் கால் ஊன்றவில்லை. பிள்ளையைப் பெற்றவர்களுக்கு எவ்வளவு கவலை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

1909-ல் அக்கா ஓல்கா கொடுத்த பணத்தோடு மறுபடியும் பாரிஸுக்குப் போய், 25 குதிரைசக்தியுள்ள அன்சானி எஞ்சின் ஒன்றை வாங்கிவந்தார். அதை வைத்து ஒரு ஹெலிகாப்டர் கட்டினார், அது எழும்பவில்லை. 1910-ல் இன்னொன்று, அது தன் பாரத்தை மட்டும் தூக்கியது, ஓட்டுகிறவரைத் தூக்கவில்லை. கணக்கு பெரிய தப்பில்லை. அந்தக் காலத்து எஞ்சினில் பலத்தைவிடப் பாரம் அதிகம், அவ்வளவுதான். வேண்டிய பொருள் உலகச் சந்தையிலேயே இல்லை. இருபத்தொரு வயதுப் பையன் அதைப் புரிந்துகொண்டு ஹெலிகாப்டரை மூட்டை கட்டி வைத்துவிட்டு விமானத்துக்குப் போனார். மூட்டையை மறுபடி அவிழ்க்க முப்பது வருஷம் ஆயிற்று.

கொசுக் கதை 1911-ல் நடந்தது. அவர் ஓட்டிக்கொண்டிருந்த ஒற்றை எஞ்சின் விமானம் நடுவானில் நின்றுபோனது. எப்படியோ தரையிறங்கி உயிர் தப்பினார். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தால், பெட்ரோலோடு வந்த ஒரு கொசு கார்புரேட்டர் துவாரத்தில் சிக்கி அடைத்திருக்கிறது. நம்மில் பலர் ஆண்டவன் காப்பாற்றினான் என்று ஒரு தேங்காயை உடைத்துவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். அவர் அங்கே ஒரு விதியைப் பார்த்தார். ஒரே ஒரு பாகம் கெட்டால் மொத்த இயந்திரமும் விழும் என்றால், அந்த வடிவமைப்பே தவறு. ஒன்று நின்றாலும் மற்றவை தாங்க வேண்டும்.

அதிலிருந்து பிறந்ததுதான் நான்கு எஞ்சின் விமானம். ரயில் பெட்டி செய்யும் ருஸ்ஸோ-பால்டிக் தொழிற்சாலை விமானப் பிரிவு தொடங்கி 1912-ல் அவரைத் தலைமை வடிவமைப்பாளராக எடுத்துக்கொண்டது. அவ்வளவு பெரிய விமானம் பறக்காது என்று பலர் சொல்லிக்கொண்டிருந்தபோதே, 1913 மே மாதம் உலகத்தின் முதல் நான்கு எஞ்சின் விமானத்தை அவரே ஓட்டிக் காட்டினார். அதன் முடிவைக் கேட்டால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. அதே வருஷம் அது தரையில் நின்றுகொண்டிருந்தபோது, மேலே பறந்த வேறொரு விமானத்திலிருந்து எஞ்சின் கழன்று நேராக இதன் மேலே வந்து விழுந்து நொறுக்கிவிட்டது. போல்ட் சரியாக முடுக்காத பாவம் யாருடையதோ தெரியவில்லை.

அடுத்தது இல்யா முரோமெட்ஸ். 1914 பிப்ரவரியில் பதினாறு பேரையும் ஒரு நாயையும் ஏற்றிக்கொண்டு பறந்தது. அந்தக் கோடையில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து கீவ் வரை ஏறத்தாழ 1200 கிலோமீட்டர் போய்த் திரும்பியது. என் தொழில்காரர்களுக்கு அந்த விமானத்தில் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. பறக்கும்போதே மெக்கானிக் கேபினை விட்டு இறக்கை மேல் நடந்துபோய் எஞ்சினைப் பழுது பார்க்கலாம், அதற்கென்றே கட்டியிருந்தார்கள். கீவ் பயணத்தில் எரிபொருள் குழாய் ஒன்று முறிந்து எஞ்சினில் தீப் பிடித்தது. இரண்டு பேர் இறக்கைமேல் போய்த் தங்கள் கோட்டைக் கழற்றிப் போட்டுத் தீயை அமுக்கினார்கள். விமானத்தை இறக்கிக் குழாயைச் சரி பண்ணிக்கொண்டு மறுபடி கிளம்பினார்கள். நாங்கள் மழையில் நனையும் ஹாங்கரைப் பற்றிப் புகார் எழுதிக்கொண்டிருந்த நாட்களில் இதைப் படித்துவிட்டுப் பேனாவை மூடியிருக்கிறேன்.

சில வாரங்களில் முதல் உலகப் போர் வந்தது. முரோமெட்ஸ் குண்டு வீச்சு விமானமாயிற்று. எதிரிகூட அதை நெருங்கப் பயந்தான். ஆனால் அதற்கு மிகப் பொருத்தமாக அமைந்திருந்தது ஆர்கஸ் எஞ்சின், அது ஜெர்மனியில் செய்தது! போர் நடப்பதோ ஜெர்மனியோடு. அன்றோடு எஞ்சினும் நின்றது, அதன் உதிரிபாகமும் நின்றது. கிடைத்ததை மாட்டினார்கள்: பிரெஞ்சு சால்ம்ஸன், பிரிட்டிஷ் சன்பீம். பாரம் கூடியது, உயரம் குறைந்தது. சுமார் எழுபது எண்பது முரோமெட்ஸ் கட்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் போர் முடியும் வரை அவர்களுடைய தலைவலி எதிரியின் துப்பாக்கியைவிட எஞ்சினாகத்தான் இருந்தது.

இங்கே ஒரு நிமிஷம் கதையை நிறுத்திக்கொள்கிறேன். உலகத்திலேயே உற்பத்திக்கு வந்த ஹெலிகாப்டர்களில் மிகப் பெரியது சோவியத் தயாரிப்பான மி-26. 1986 முதல் நம் விமானப்படையிலும் சில இருந்தன. அதன் உடல் ரஷ்யாவின் ரோஸ்தோவ் நகரில் தயாராகிறது. அதைத் தூக்கும் டி-136 எஞ்சின் உக்ரைனின் சபோரிஷியாவில். ஒரே நாடாக இருந்தபோது இரண்டுக்கும் நடுவில் ஒரு ரயில் பயணம்தான். 1991-ல் நடுவில் எல்லைக்கோடு விழுந்தது. 2014-ல் உக்ரைன் ரஷ்யாவுக்கு ராணுவப் பொருள் அனுப்புவதையே நிறுத்திவிட்டது. 1914-ல் ஆர்கஸ் எஞ்சினுக்கு நடந்தது, சரியாக நூறு வருஷம் கழித்து, சிகோர்ஸ்கி பிறந்த மண்ணிலேயே திரும்ப நடந்திருக்கிறது. செய்தித்தாளில் அதைப் படித்த அன்று சாருக்குச் சொல்ல வேண்டும் போல இருந்தது. அவர் அதற்கு முன்பே காலமாகிவிட்டார்.

புரட்சி வந்ததும் சிகோர்ஸ்கி 1918-ல் நாட்டை விட்டு வெளியேறினார். பிரான்ஸில் கொஞ்ச காலம் வேலை கிடைத்தது. போர் முடிந்ததும் அதுவும் போயிற்று. 1919 மார்ச் 30 அன்று நியூயார்க்கில் கப்பலை விட்டு இறங்கினார். வயது முப்பதுகூட ஆகவில்லை. சொந்த நாட்டில் பெரும்புகழ், இங்கே பெயரைக்கூடச் சரியாகச் சொல்ல ஆள் கிடையாது. போர் முடிந்த அமெரிக்காவுக்கு விமானம் வேண்டியிருக்கவில்லை. நியூயார்க்கில் குடியேறியிருந்த ரஷ்யத் தொழிலாளிகளுக்குக் கணக்கும் வானசாஸ்திரமும் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார்.

1923-ல் அந்த ரஷ்ய நண்பர்களே காசு சேர்த்து ஒரு கம்பெனி தொடங்க வைத்தார்கள். தொழிற்சாலை எங்கே தெரியுமா? லாங் ஐலண்டில் ஒரு கோழிப்பண்ணை. அங்கே கட்டிய விமானம் எஸ்-29-ஏ. அந்த ஏ அமெரிக்காவைக் குறிப்பது. அதன் பாகங்கள் வந்த வழியைப் படித்தபோது எனக்கு எங்கள் ஸ்டோர்ஸ் அண்ணாச்சி நினைவுதான். காயலான் கடையில் போட்டிருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலின் இரும்புச் சட்டங்களை வாங்கி வெட்டினார்கள். கம்பியை முறுக்கும் டர்ன்பக்கிளை மலிவுச் சாமான் கடையில் வாங்கினார்கள். எஞ்சின்களோ தேய்ந்துபோன பழசு. பணம் தீர்ந்து போகிற நேரத்தில் இசைக்கலைஞர் ராக்மானினோவ் 5000 டாலர் கொடுத்தார். கம்பெனிக்கு மதிப்பு வரட்டும் என்று துணைத் தலைவராக அவர் பெயரையும் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

1924 மே 4 அன்று முதல் பறப்பு. கூட உழைத்தவர்களில் எட்டுப் பேர் தாங்களும் ஏறுவோம் என்றார்கள். அவரால் மறுக்க முடியவில்லை. மாதக்கணக்கில் சம்பளம் கூடச் சரியாக வாங்காமல் வேலை பார்த்தவர்களிடம் எப்படி மறுப்பது? பழைய எஞ்சின்கள் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. விமானம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் இறங்கி அடிபட்டது. நல்லவேளை, உயிர்ச் சேதம் இல்லை. மறுபடி பணம் திரட்டி, லிபர்ட்டி எஞ்சின் இரண்டு வாங்கி மாட்டியதும் அதே விமானம் ஒழுங்காகப் பறந்தது. அது சுமந்த முதல் சரக்குகளில் ஒன்று, வாஷிங்டனுக்குப் போன இரண்டு பெரிய பியானோக்கள்.

ஆனால் மறுக்க முடியாமல் போனதற்கு இரண்டாவது தடவை வட்டியோடு கட்ட வேண்டி வந்தது. 1926-ல் நியூயார்க்கிலிருந்து பாரிஸுக்கு நிற்காமல் பறப்பதற்காக ரெனே ஃபோங்க் என்ற பிரெஞ்சுப் போர் வீரருக்கு எஸ்-35 என்ற மூன்று எஞ்சின் விமானத்தைக் கட்டிக் கொடுத்தார். முழுப் பாரத்தோடு இன்னும் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பது சிகோர்ஸ்கியின் எண்ணம். பரிசு, புகழ், பத்திரிகைகள், போட்டிக்கு நிற்பவர்கள் என்று எல்லாரும் அவசரப்படுத்தினார்கள். செப்டம்பர் 21 அன்று அளவுக்கு மீறிய எரிபொருளோடு ஓடுதளத்தில் ஓடும்போது, கூடுதல் பாரத்துக்காக மாட்டியிருந்த துணைச் சக்கரத் தொகுதி உடைந்தது. விமானம் மேலே எழாமல் ஓடுதள முனையிலிருந்து சரிந்து தீப் பிடித்தது. ஃபோங்க் தப்பினார், உடன் இருந்த மூவரில் இருவர், அதாவது விமானத்தில் இருந்தவர்களில் பாதிப் பேர், இறந்துபோனார்கள்.

இந்தப் பக்கத்தை என்னால் சும்மா தாண்ட முடிவதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

பெரிய ஹெலிகாப்டரைப் பற்றிக் கொஞ்சம் விளக்க வேண்டும். எஞ்சின் நிமிஷத்துக்கு ஆயிரக்கணக்கில் சுற்றும். மேலே உள்ள ரோட்டர் இருநூறு சுற்றுக்கும் குறைவாகச் சுற்றும். இரண்டுக்கும் நடுவில் நின்று அந்த வேகத்தைப் பலமாக மாற்றித் தருவது கியர்பாக்ஸ். விமானத்தில் எஞ்சின் நின்றால் இறக்கை தாங்கும். ஹெலிகாப்டரில் எஞ்சின் நின்றாலும் ரோட்டர் காற்றில் சுற்றிக்கொண்டே ஓரளவு பத்திரமாக இறங்க வழி உண்டு. கியர்பாக்ஸோ, ரோட்டர் தலையோ, வால் ரோட்டரோ போனால் மாற்று வழி கிடையாது. நான்கு எஞ்சின் வைத்தது மாதிரி நான்கு ரோட்டர் தண்டு வைக்க முடியாது. அதனால்தான் இந்தப் பாகங்களுக்கு மனிதர்கள் மாதிரி ஆயுள் எழுதி வைத்திருக்கிறார்கள். இத்தனை மணி நேரம் ஓடினால் கழற்றிப் புதுப்பிக்க வேண்டும், இத்தனை மணி ஆனால் பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப் போட வேண்டும். சோவியத் பாகங்களோடு ஒரு சின்னப் புத்தகம் வரும், அதற்குப் பெயரே பாஸ்போர்ட். பிறந்த தேதி, ஓடிய மணி, யார் எப்போது எந்த இயந்திரத்தில் மாட்டினார், கழற்றினார் எல்லாம் அதில் இருக்கும். பாஸ்போர்ட் இல்லாத பாகம், பளபளவென்று இருந்தாலும், எங்களுக்கு இரும்புதான்.

தொண்ணூறுகளில், சோவியத் நாடு உடைந்து உதிரிபாகம் தட்டுப்பட்ட காலம். ஒரு பெரிய ஹெலிகாப்டர் வால் கியர்பாக்ஸ் இல்லாமல் நின்றது. மழையில் பாலம் அடித்துக்கொண்டு போன ஒரு மலைப் பகுதிக்கு இரும்புத் தளவாடம் கொண்டுபோக அது வேண்டியிருந்தது. பக்கத்தில் கழற்றிப் போட்டிருந்த இன்னொரு ஹெலிகாப்டரில் அதே கியர்பாக்ஸ் இருந்தது. ஒன்றைக் கழற்றி இன்னொன்றில் மாட்டுவது எங்கள் தொழிலில் புதுசு இல்லை. ஆனால் அண்ணாச்சி, திருநெல்வேலிப் பக்கத்து மனுஷர், ஸ்டோர்ஸில் வாரண்ட் ஆபீசர், அதன் பாஸ்போர்ட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் விரித்து வைத்தார். நடுவில் இரண்டு தாள் இல்லை. எத்தனை மணி ஓடியது என்பதில் ஒரு ஓட்டை. ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

மேலே இருந்தவர்கள் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. ஐந்து வாரம் அந்த ஹெலிகாப்டர் நின்றது. தளவாடம் கோவேறு கழுதைகளிலும் ஆட்கள் தோளிலும் போனது. என்னிடம் பல பேர் பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். பிற்பாடு அந்தக் கியர்பாக்ஸைப் பிரித்துப் பார்த்தபோது உள்ளே எல்லாம் நல்ல நிலையில் இருந்தது. ஆமாம், நான் கையெழுத்துப் போட்டிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அந்த ஐந்து வாரம் அந்த மலையில் மருந்துக்கும் அரிசிக்கும் காத்திருந்தவர்களை நான் மறக்கவில்லை. எஸ்-35 எரிந்த கதையை அப்புறம் ஒருநாள்தான் படித்தேன். இன்றைக்கும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன். கணக்கு நேராகவில்லை.

சிகோர்ஸ்கி அந்த விபத்திலிருந்து எழுந்துவிட்டார். 1928-ல் வந்த எஸ்-38 என்ற நீரிலும் நிலத்திலும் இறங்கும் விமானம் கம்பெனியைக் காப்பாற்றியது. 1929-ல் கம்பெனி யுனைடெட் ஏர்கிராஃப்டின் கீழ் போயிற்று. கனெக்டிகட் மாநிலத்தின் ஸ்ட்ராட்ஃபோர்டில் தொழிற்சாலை எழுந்தது. பான் அமெரிக்கன் நிறுவனத்துக்குப் பெரிய பறக்கும் படகுகளைக் கட்டினார். அது ஒரு தனிக் கட்டுரைக்கான விஷயம். 1938-ல் அந்த வியாபாரம் படுத்தது, அவருடைய பிரிவை மூட முடிவு செய்தார்கள். எனக்கு வேறென்ன வேண்டும் என்று கேட்டதற்கு, தன் பழைய ஆட்களை வைத்து ஹெலிகாப்டர் செய்ய அனுமதி போதும் என்றார். ஐம்பது வயது நெருங்கும்போது, இருபது வயதில் கட்டி வைத்த மூட்டையை அவிழ்த்தார்.

1939 செப்டம்பர் 14. விஎஸ்-300 தரையிலிருந்து சில விநாடி எழும்பியது. 75 குதிரைசக்தி எஞ்சின், சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள், ஓட்டியவர் அவரேதான், அந்தத் தொப்பியோடு. 1940 மே மாதம் கட்டை அவிழ்த்துவிட்டுப் பறந்தார்கள். வாலில் ரோட்டரை ஒன்று, மூன்று என்று மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார்கள். ஒரு கட்டத்தில் எல்லாப் பக்கமும் போகும், முன்னால் மட்டும் சரியாகப் போகாது! 1941 மே மாதம் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் அந்தரத்தில் நிறுத்தி உலக சாதனை செய்தார்கள்.

அதன் வழியில் வந்த ஆர்-4 தான் தொழிற்சாலையில் வரிசையாகச் செய்த முதல் ஹெலிகாப்டர்களில் முக்கியமானது. அதன் போர்க்களக் கதை நம் நாட்டிலிருந்து தொடங்குகிறது. 1944 ஏப்ரலில் அஸ்ஸாமின் லாலாகாட் ஓடுதளத்திலிருந்து ஒரு ஆர்-4 பர்மாக் காட்டுக்குப் போனது. விழுந்த விமானத்தின் பைலட்டையும் காயம்பட்ட மூன்று பிரிட்டிஷ் சிப்பாய்களையும் எதிரி நடமாட்டத்துக்கு நடுவிலிருந்து மீட்டது. ஒரு தடவைக்கு ஒரே ஆளைத்தான் தூக்க முடியும். வெக்கையில் எஞ்சின் சூடேறி நின்றுவிட, ஆற்று மணலில் ஒரு இரவு முழுக்க ஆறவிட்டு, மறுநாள் மீதிப் பேரைக் கொண்டுவந்தார்கள். பாரம் தூக்கும் ஹெலிகாப்டரின் முதல் பாடம் அது: ஒரு ஆளே பாரம்.

பத்து வருஷத்தில் நிலைமை மாறிவிட்டது. 1954-ல் இந்திய விமானப்படைக்கு வந்த முதல் ஹெலிகாப்டர் சிகோர்ஸ்கி எஸ்-55. 1953-ல் பறந்த எஸ்-56 இரண்டு பெரிய பிஸ்டன் எஞ்சினோடு வீரர்களையும் ஜீப்பையும் சுமந்தது. 1957-ல் அவர் ஓய்வு பெற்றார். ஆனால் ஆலோசகர் என்ற பெயரில் தினமும் ஆபீசுக்கு வந்து, ஒரே ஒரு யோசனையை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். பாரத்தை ஏன் வயிற்றுக்குள் வைக்க வேண்டும்? வயிறே வேண்டாம். முதுகெலும்பும் ரோட்டரும் எஞ்சினும் மட்டும் இருக்கட்டும். சாமானைக் கீழே கட்டித் தூக்குவோம்.

1959-ல் பறந்த எஸ்-60 தான் அந்த வானத்துக் கிரேனின் முதல் வடிவம். என் தொழில்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: எஸ்-56-இன் எஞ்சின், ரோட்டர், கியர்பாக்ஸ் இவற்றை அப்படியே எடுத்துப் புதிய முதுகெலும்பில் மாட்டினார்கள். கோழிப்பண்ணைக்காரர் கோழிப்பண்ணைக்காரர்தான். 1961-ல் அது விழுந்து உடைந்தது. 1962 மே 9 அன்று எஸ்-64 பறந்தது. ஆறு பிளேடு, 4500 குதிரைசக்தியுள்ள இரண்டு டர்பைன் எஞ்சின்கள். பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, கீழே தொங்கும் பாரத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே ஓட்ட ஒரு தனி இருக்கை. ஏறத்தாழ 9 டன் தூக்கும். அமெரிக்கத் தரைப்படை அதற்கு சிஎச்-54 என்று பெயர் வைத்து நூற்றுச் சொச்சம் வாங்கியது.

1965-ல் அவை வியட்நாமுக்குப் போயின. அந்தப் போர் சரியா தப்பா என்று எழுத இது இடமில்லை. பீரங்கி, புல்டோசர், ஆபரேஷன் தியேட்டர் போல அமைத்த பெட்டி எல்லாவற்றையும் தூக்கின. ஆனால் எனக்குப் பெரிசாகத் தோன்றுவது வேறு. சுட்டு வீழ்த்தப்பட்டு வயலிலும் காட்டிலும் கிடந்த விமானங்கள், ஹெலிகாப்டர்கள் 380-க்கு மேல் இவை தூக்கிக்கொண்டு வந்திருக்கின்றன. சில பழுது பார்த்து மறுபடி பறந்தன. மற்றவை உதிரிபாகமாயின. அதாவது உதிரிபாகத்தை வானத்திலிருந்தே கொக்கி போட்டுக் கொண்டுவந்த இயந்திரம் அது.

அந்த நாட்களில் அந்தத் தொழிற்சாலையில் பிறந்த ஒரு சின்ன யுக்தியை இன்றைய மாணவர்களுக்குச் சொல்லாமல் விட மாட்டேன். பிளேடின் நடுத் தண்டு உள்ளே வெற்றாக இருக்கும் அலுமினியம். அதில் விரிசல் விழுந்தால் வெளியே தெரியாது. தெரியும்போது காலம் கடந்திருக்கும். என்ன செய்தார்கள்? தண்டின் இரண்டு பக்கமும் அடைத்து உள்ளே நைட்ரஜன் வாயுவை அழுத்தி நிரப்பினார்கள். பிளேடின் அடியில் ஒரு காட்டி. மயிரிழை விரிசல் விழுந்தாலும் வாயு கசியும், அழுத்தம் குறையும், காட்டியில் நிறம் மாறும். காலையில் மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தால் போதும். ஒரு லட்ச ரூபாய்க் கருவிக்குப் பதிலாக ஒரு ஜோடிக் கண். பாகமே தன் வியாதியைச் சொல்லிவிடுகிறது. கொசு மட்டும் அப்படிச் சொல்லியிருந்தால்!

எல்லாப் பாகமும் சொல்வதில்லை. 1996 மே 9 அன்று, எஸ்-64 முதலில் பறந்த அதே தேதியில், அதே ஸ்ட்ராட்ஃபோர்டு தொழிற்சாலையில் சிஎச்-53இ என்ற பெரிய ஹெலிகாப்டர் சோதனையின்போது விழுந்து அந்த நிறுவன ஊழியர்கள் நால்வர் இறந்தார்கள். பிளேடின் கோணத்தை மாற்றும் ஸ்வாஷ்பிளேட்டில் இருந்த இரட்டை பேரிங் கெட்டதுதான் காரணம். பேரிங்! அந்த வகை ஹெலிகாப்டர்களையெல்லாம் தரையில் நிறுத்தி அந்த ஒரு பாகத்தைச் சோதித்தார்கள். செய்தியைப் படித்தபோது கடைசி பெஞ்சு என் கண் முன்னால் வந்தது.

உதிரிபாகம் அரசியலையும் சுமக்கும் என்பதை நாம் 1998-ல் கண்டோம். போக்ரான் சோதனைக்குப் பிறகு அமெரிக்கா தடை போட்டது. நம் கடற்படையின் சீ கிங் ஹெலிகாப்டர்கள் பிரிட்டனில் வெஸ்ட்லாண்ட் செய்தவைதான், ஆனால் மூலம் சிகோர்ஸ்கி. அமெரிக்கப் பாகங்கள் வராமல் பல சீ கிங்குகள் நின்றுபோயின. மாமியார் உடைத்தால் மண்குடம் என்கிற கதைதான். 2019 மார்ச்சில் அமெரிக்க சினூக் ஹெலிகாப்டர்கள் சண்டிகரில் சேர்ந்தபோது, தூக்கும் பாரத்தின் கணக்கைத்தான் எல்லாப் பத்திரிகையும் எழுதின. நான் அவற்றோடு எத்தனை வருஷத்துக்கான உதிரிபாகம் வருகிறது என்று தேடித் தேடிப் படித்துக்கொண்டிருந்தேன். தொழில் புத்தி.

சிகோர்ஸ்கி 1972 அக்டோபர் 26 அன்று கனெக்டிகட்டின் ஈஸ்டனில் காலமானார். வயது 83. முந்தின நாள்கூட ஆபீஸில் மேஜை முன் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறார். அவர் ஆசைப்பட்ட வானத்துக் கிரேன் ராணுவத்தில் ரொம்ப காலம் நீடிக்கவில்லை. ஆளையும் சாமானையும் வயிற்றுக்குள்ளேயே வைத்துப் போகும் சினூக்தான் ராணுவத்துக்குப் பிடித்திருந்தது. எழுபதுகளிலேயே சிஎச்-54-கள் நேஷனல் கார்டுக்குத் தள்ளப்பட்டு, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓய்வு பெற்றன.

மரம் வெட்டிச் சுமக்கும் வேலைக்காக எஸ்-64-ஐ ஓட்டிக்கொண்டிருந்த எரிக்ஸன் என்ற அமெரிக்கக் கம்பெனி, 1992-ல் அந்த ஹெலிகாப்டரின் உரிமையையே சிகோர்ஸ்கி நிறுவனத்திடமிருந்து வாங்கிக்கொண்டது. ராணுவம் கழித்துப் போட்டதை வாங்கினார்கள், பிரித்தார்கள், சோதித்தார்கள், தேய்ந்ததைத் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். 2001 முதல் ஆஸ்திரேலியாவின் காட்டுத் தீக்கு மேல் தண்ணீரைக் கொட்டிக்கொண்டு பறந்த எல்விஸ் என்ற செல்லப்பெயருள்ள ஹெலிகாப்டர் அந்தக் குடும்பம்தான். தேய்ந்தால் இன்னொன்று எங்கிருந்து வரும் என்ற கேள்விக்கு அந்தக் கம்பெனி ஒரு பட்டறையைக் கட்டிப் பதில் சொன்னது. நான் செமினாரில் சொல்லியிருக்க வேண்டியதும் அதுதான் என்று நினைக்கிறேன், சார்.

சந்திப்பு நாளன்று மத்தியானச் சாப்பாட்டுக்கப்புறம் மெக்கானிக்கல் லேபில் இருப்பேன். நண்பர் ஒருவரின் லாரிப் பட்டறையிலிருந்து கழித்துப் போட்ட பேரிங் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவருகிறேன். பார்த்தால் புதுசு மாதிரி இருக்கும். மாணவர்கள் வந்து உள்வளையத்தில் நகத்தை வைத்து மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். ஒரு இடத்தில் நகம் தட்டும்.